நெடுவிளைக்குக் கைதட்டல் தாமதமாகத்தான் வரும்

நெடுவிளை நூலகத்தின் பின்கூடத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை தோறும் குறுநாடகம் போடுவார்கள். கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி நேரம். அதற்கு மேலும் இழுத்தால் வாசகர் வட்டத்துச் செயலாளர் எஸ்தர் ஜெபமணி எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிடுவார். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த எஸ்தர், ஆட்டுக்கு ஊசி போடுகிற அதே கண்டிப்போடுதான் நாடகத்தையும் நடத்தினார். உயிரோடு இருக்கிறவர்கள் எழுதியதை மட்டும்தான் போட வேண்டும் என்பது அவருடைய சட்டம். "செத்தவங்க எழுதுனதைப் போட்டுட்டு நாளைக்கு யார்கிட்டப் போய்ச் சண்டை பிடிக்க?" என்பார். நாடகம் முடிந்ததும் பார்த்தவர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் கண்ணுக்கு என்ன பட்டது என்று ஆளுக்கு ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும், சொல்லி முடித்த பிறகுதான் கைதட்ட வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் சட்டம் என்று சொன்னதில்லை, தானாக வந்து சேர்ந்தது. பின்கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு சந்து தாண்டினால், ஆறுமுகநயினாரின் பரோட்டாக் கடை. அவர் மாவு வீசுகிற சத்தமும், வெந்த பரோட்டாவை அடுக்கி வைத்து இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடித்து உதிர்க்கிற சத்தமும் நாடகத்துக்குப் பழகிப்போனவை. ஆனால் அவர் கொத்துப் பரோட்டா போட ஆரம்பித்துவிட்டால் அந்தத் தகரச் சத்தத்தில் தெருவே பேச்சை நிறுத்த வேண்டியதுதான். அதனால் கொத்துச் சத்தம் எழுந்ததும் மேடையில் இருப்பவர்கள் அப்படியே, அழுகிறவர் அழுகிற முகத்தோடும் ஓங்கிய கை ஓங்கியபடியும், சிலையாக நின்றுவிடுவார்கள். சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். வட்டத்தில் பேசுகிறவர்களுக்கும் அதே வழக்கம்தான். வெளியூர் நாடக ஆசிரியர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு, அந்த நிறுத்தம் இருந்ததால்தான் தன் வசனம் நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு பரோட்டா தின்னப் போவார்கள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஊரில்தான் ஒரு சனிக்கிழமை கைகள் சேர மறுத்தன. கோவில்பட்டிக்காரர் ஒருவர் எழுதிய நாடகம். வறண்ட கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி ஒரு கிழவர் நிலத்தை விற்கிறார், வந்தவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். பார்த்தவர்கள் பேசி முடித்துக் கைதட்டப் போனபோது, வலது கைக்கும் இடது கைக்கும் ஏதோ பங்காளிச் சண்டை வந்த மாதிரி, இரண்டும் ஒரு முழ இடைவெளியில் நின்றுவிட்டன. கூடம் முழுக்க ஆளாளுக்குப் பிடித்த மீனின் நீளத்தைக் காட்டுவது போலக் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். எழுதியவர் முகம் செத்துப்போய்க் கடைசி பஸ்ஸுக்குக் காத்திராமல் கிடைத்த லாரியில் ஏறிப்போனார்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை, சந்தையில் மீன் விற்கிற ரோசம்மா சாளையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவள், அள்ளியதை அப்படியே விட்டுவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தாள். செதில் பறந்தது. நிறுத்த நினைத்தாள், நிற்கவில்லை. "ஐயையோ, வாங்குனவனுக்கும் தெரியும்வே! கிணத்துல தண்ணி இல்லன்னு அவனுக்கும் தெரியும்! தெரிஞ்சுதாம்வே வாங்குனான்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே தட்டினாள், தட்டி முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உள்ளங்கை இரண்டும் மருதாணி வைத்ததுபோலச் சிவந்திருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, துணி துவைக்கையில், பஸ்ஸுக்கு நிற்கையில், பிள்ளைக்குத் தலை சீவிவிடுகையில், நாடகம் எப்போது உள்ளே போய் விழுந்ததோ அப்போது அவரவர் கை தானாகத் தட்டியது. ஒரு நாடகத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு தரம்தான். கல்யாண வீட்டிலும் கட்சிக் கூட்டத்திலும் வழக்கம்போல எல்லோரும் இஷ்டத்துக்குத் தட்டிக்கொண்டார்கள். நாடகத்துக்கு மட்டும் கை தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டது.

ஏன் இப்படி என்று சிலர் ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்களுக்கு வேலை வெட்டி இருந்ததால் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஊர் அதற்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டது. முடி திருத்தும் கடையில் நாற்காலியில் உட்காருகிறவர்கள் தாடையைக் கொடுப்பதற்கு முன் "அண்ணாச்சி, போன மாச நாடகம் பாத்தியளா, தட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டார்கள். பஸ் ஓட்டுகிறவர்கள் நாடகத்துக்கு வரக்கூடாது என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் தீர்மானம் போட்டார்கள். ஆனால் பயணிகளில் யாருக்காவது கை தட்டத் தொடங்கினால் அது ஓயும் வரை வண்டியை எடுப்பதில்லை என்று ஓட்டுநர்களே ஒரு மரியாதை வைத்துக்கொண்டார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டில் தட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, "பாவம், இப்பத்தான் வந்திருக்கு" என்று ஒதுங்கி இடம் விட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் "மாப்பிள்ளைக்குக் கை சீக்கிரம் தட்டுமா?" என்று கேட்கிற வழக்கமும் வந்தது. நாலைந்து வருஷம் கழித்துத் தட்டியவரும் உண்டு. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மறுநாள், வெறும் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு, என்றைக்கோ பார்த்த நாடகத்துக்குத் தட்டித் தீர்த்தார், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய் அவளைக் கூட்டி வந்தார்.

எங்கெங்கோ இருந்து நாடக ஆசிரியர்கள் வந்தார்கள். முகத்துக்காகத் தட்டாத ஊர் என்று பெயர் பரவியிருந்தது. எல்லோர் கையும் தட்டி முடித்தால்தான் நாடகம் முடிந்ததாகக் கணக்கு, அன்றைக்கு எழுதியவருக்கு எஸ்தர் ஒரு கிலோ மஸ்கோத் அல்வா வாங்கிக் கொடுப்பார். ஒரே ஒருவர்தான் ஏமாற்றப் பார்த்தார். நகராட்சித் தலைவர், தனக்கு வீட்டில் குளிக்கும்போது தட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். உள்ளங்கையைக் காட்டச் சொன்னபோது வெளுத்துக் கிடந்தது. அதிலிருந்து, யாரும் பார்க்காமல் தட்டியதாகச் சொல்கிற பேச்சுக்கு நெடுவிளையில் காதுகொடுப்பதே இல்லை என்றாகிவிட்டது. அந்த அநியாயம் போய் விடிந்தது ஆறுமுகநயினார் தலையில்.

நயினார் பேசுகிறவர் இல்லை. கல்லைப் பார்த்துக் குனிந்த தலை கடையை மூடும்போதுதான் நிமிரும். யார் வந்து நின்றாலும், கலெக்டரே வந்து நின்றாலும், தலையைத் தூக்காமல் "எத்தனை?" என்பார். சொன்ன எண்ணிக்கை இலைக்கு வந்துவிடும். அவர் மனைவி காந்திமதி கல்லாவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கான பேச்சையும் சேர்த்துப் பேசிக்கொள்வாள். அவர்களுக்கு ஒரே மகள் பிரம்மசக்தி, ஊருக்குப் பிரமு. கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள் ஒரு நாடகம் எழுதிக்கொண்டுபோய் எஸ்தரிடம் கொடுத்தாள். எஸ்தர் அதை நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தார். நாடகத்தின் பெயர் 'எத்தனை?'

கவிழ்த்துப் போட்ட மேசைதான் அடுப்பு. அதன் பின்னால் ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். ரிப்பன் கட்டிய சின்னப் பெண் வருகிறாள். "எத்தனை?" என்கிறார். "ரெண்டு" என்கிறாள், வாங்கிக்கொண்டு போகிறாள். அதே பெண் கல்லூரிக்குப் போகிற உடுப்பில் வருகிறாள். "எத்தனை?" "ஒண்ணு போதும்." பிறகு கழுத்தில் மாலையோடு வருகிறாள். "எத்தனை?" அவள் பதில் சொல்லவில்லை, நிற்கிறாள். அவர் தலையைத் தூக்காமல், கேட்காமலே இன்னொன்றை எடுத்து இலையில் வைத்து முன்னால் தள்ளுகிறார். அவள் போய்விட்டாள். இலை கிடக்கிறது. விளக்கு அணைகிறது. முதலில் கூடமே சிரித்தது, மேடையில் நிற்கிறவர் யாரென்று தெரியாதவர் ஊரில் உண்டா! கடைசியில் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

சந்துக்கு அந்தப் பக்கம், ஜன்னல் வழியாக, நயினாரும் பார்த்தார். அவர் கடையில் நிற்கும்போது தலை நிமிர்ந்தது அன்றைக்குத்தான். கல்லில் கிடந்தது கருகி வாடை வந்த பிறகே குனிந்தார். வெந்தவற்றை வழித்து அடுக்கி, உதிர்ப்பதற்காக இரண்டு கையாலும் ஒரு அடி அடித்தார். கை நிற்கவில்லை. பரோட்டா அடுக்கை நடுவில் வைத்துக்கொண்டு கை பாட்டுக்குத் தட்டியது. பட் பட் பட் என்று தட்டியது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், நெஞ்சுக்குள் யாரோ படியேறி வருவதுபோல இருந்தது. எந்தக் கையும் நாடகம் நடந்த நாளிலேயே தட்டியதாக ஊரில் பேச்சில்லாததால் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை; பார்த்தவர்களும், மாஸ்டர் இன்றைக்கு நல்ல வேகத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். உள்ளங்கை சிவந்தது. அது எப்போதும் சூட்டில் சிவந்தே இருக்கிற கை. ஓய்ந்தபோது அடுக்கில் பரோட்டா என்று சொல்ல ஒன்றும் இல்லை, நூல் நூலாக, தூள் தூளாக ஒரு குவியல் கிடந்தது.

அந்தக் குவியலைக் கீழே போட அவருக்கு மனம் வரவில்லை. வேறு யாருக்கும் விற்கவும் மனம் வரவில்லை. சால்னா ஊற்றி, இலையில் கட்டி, வட்டத்தில் தன் வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிய காந்திமதியிடம் நீட்டி, "பிள்ளைக்குக் கொடு" என்றார். அவருக்குத் தெரிந்த பாஷையில் அது பெரிய பேச்சு. வட்டம் கலைகிற நேரத்தில் காந்திமதி கொண்டுபோய்க் கொடுத்தாள். பிரமு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள், கொத்துப் பரோட்டா.

அந்தக் கடையில் கொத்து என்பது முதல் நாள் மிச்சத்தில் போடுவது என்று ஊருக்கே தெரியும். பிரமுவின் முகம் சிறுத்துவிட்டது. "நாடகத்துக்கு அப்பா சொல்லுத பதில் இதான் போல. மிச்சத்தைக் கொத்திப் போட்டுக் குடுத்து விட்டுருக்காரு" என்றாள். பசியில் தின்றாள், கண்ணீரும் சேர்ந்துதான் உள்ளே போனது.

பிறகு ஊர் ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கியது. காந்திமதி கல்லாவில் சில்லறை எண்ணும்போது தட்டினாள், காசு உருண்டு சாக்கடைக்குப் போனது, போனால் போகிறது என்று தட்டினாள். எஸ்தருக்கு ஆட்டின் காலைப் பிடித்திருந்தபோது வந்தது, ஆடு பிழைத்தோம் என்று ஓடிவிட்டது. ரோசம்மா தட்டினாள், நாவிதர் தட்டினார், கல்யாணத்துக்கு வந்து நாடகம் பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிப்போன விருந்தாளி அங்கிருந்து போன் செய்து தட்டுகிற சத்தத்தைக் கேட்கவைத்தார். மிஞ்சியது நயினார் மட்டும்தான். எஸ்தர் அல்வா வாங்கக் காசை எடுத்து முடிந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரே எதிர்வரிசையில் நின்று அவருடைய கையைப் பார்த்தது. அந்தக் கை வழக்கம்போலப் பரோட்டாவை அடித்தது.

பிரமு யாரிடமும் கத்தவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, அவளுக்குப் பிடிக்காத வேலை. எஸ்தரிடம் சொன்னாள்: "அத்தே, ஊர்ல எல்லாருக்கும் வந்துட்டு. யாரைப் பாத்து எழுதுனேனோ அவருக்கு வரல. அப்பம் நான் எழுதுனது பொய்தான? ஊரைச் சிரிக்க வச்சு, அழ வச்சு, பெத்த அப்பனைக் கேலி பண்ணியிருக்கேன், அவ்வளவுதான். இனிமே எழுத மாட்டேன்." எஸ்தர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஊசிக்கு மடங்குகிற ஆடா அது, நயினார் பெற்ற பிள்ளை.

இது காந்திமதி வாயால் நயினார் காதுக்கு வந்தது. "உங்க கை என்ன மரக்கையா? பிள்ளை எழுத்தையே விட்டுட்டுப் போறாளாம்! ஒரு வார்த்தையாவது சொல்லித் தொலைங்களேன்!"

"தட்டும்" என்றார் நயினார். மாவுச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாவு பிசையும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். எனக்கு அன்னைக்கே வந்துட்டும்மா. சொன்னால் யார் நம்புவார்கள், நகராட்சித் தலைவரின் குளியலறைக் கதையோடு சேர்த்துவிடுவார்கள். நம்பினாலும், நம்புவதற்கு முன் இன்னொன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மேடையில் தலை குனிந்து நின்ற ஆள் நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தவருக்குப் பிசைகிற கை நின்றுவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, அவள் நாடகத்தை நினைத்துக்கொண்டு, இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். கைகள் ஒரு முழ தூரத்தில் நின்றன. கொடுத்ததைத் திரும்பக் கொடுக்க முடியாது என்பதுபோல நின்றன.

பிரமு கிளம்புகிற நாளும் வந்தது. சாயங்கால பஸ். கடையில் கூட்டம் நெரிகிற நேரம். கல்லில் பரோட்டா வெந்துகொண்டிருக்கும்போதே நயினார் அடுப்பை அணைத்தார். மாவுக் கையோடு தெருவில் இறங்கி நடந்தார். அவர் கடை நேரத்தில் தெருவில் நடந்து ஊர் பார்த்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைப் போட்டுவிட்டுப் பின்னால் போனார்கள், டீ குடித்தவர்கள் கிளாஸோடு போனார்கள்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பிரமு படிக்கட்டுக்குப் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு நின்றாள், காந்திமதியும் எஸ்தரும் கூட நின்றார்கள். நயினார் அவள் முன்னால் போய், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நான் குடுத்து விட்டது கொத்து இல்லம்மா" என்றார்.

"பின்ன?"

"அடிச்சதுல நொறுங்கிட்டு. கை நிக்கல. உன் நாடகத்துக்குத்தான்."

கூட்டத்தில் ஒருவன், "சேர்மனும் இப்படித்தான சொன்னாரு!" என்றான். பக்கத்தில் நின்ற ரோசம்மா அவன் தோளில் ஒன்று வைத்தாள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். நயினாரின் காது மடல் சிவந்தது.

"எனக்காகச் சொல்லாதீங்கப்பா" என்றாள் பிரமு. "நீங்க பொய் சொல்லி நான் பாத்ததில்ல. இதுக்குப் போய்ச் சொல்ல வேண்டாம்."

நயினாரிடம் வேறு சொல் இல்லை. இருந்ததே அவ்வளவுதான், அதையும் செலவழித்தாயிற்று. மாவு காய்ந்த கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பிரமு பையைத் தூக்கினாள். தூக்கியவள் நின்றாள்.

"சத்தம் வரலியே" என்றாள்.

"என்ன சத்தம்?" என்றாள் காந்திமதி.

"கொத்துத சத்தம். அன்னைக்கு வட்டத்துல எல்லாரும் பேசுனாங்க. நாடகத்துலயும் சரி, வட்டத்துலயும் சரி, யாரும் நடுவுல நிறுத்தல. கொத்துனா நிறுத்தியிருப்போம்ல? கொத்தாம கொத்து எப்படி வந்துது?"

எஸ்தர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆமாளா! நாந்தான பேசிக்கிட்டிருந்தேன், ஒரு தடவ கூட நிறுத்தலியே. பட்டு பட்டுன்னு பரோட்டா அடிக்கிற சத்தந்தான் கேட்டுக்கிட்டே இருந்துது. இவருக்கு என்ன இன்னைக்கு இவ்வளவு வேகம்னு நினைச்சேன், பாத்துக்க!"

கொத்துச் சத்தத்தைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் அறிகிற ஊர் அது. கூட்டம் அந்தச் சனிக்கிழமையை ஞாபகத்திலிருந்து எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தது. தகரச் சத்தம் எங்கேயும் இல்லை. நயினார் மெதுவாகத் தலையைத் தூக்கினார். மகளைப் பார்த்தார். நெற்றியில் தொடங்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர் திரும்ப நெற்றிக்கே போனார்.

"இது என்னம்மா தழும்பு?" என்றார். "எப்பம் பட்டுது?"

பிரமு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஒம்பதாங் கிளாஸ் படிக்கும்போதுப்பா" என்றாள். "நம்ம கடைப்படியிலதான். நீங்க உள்ள நின்னுக்கிட்டிருந்தீங்க."

"வலிச்சுதா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பை கையிலிருந்து நழுவி விழுந்தது. அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று தேடிப்போய்த் தட்ட ஆரம்பித்தன. எழுதியவர்களின் கை தங்கள் நாடகத்துக்குத் தட்டி நெடுவிளை பார்த்ததே இல்லை. பிரமு தட்டினாள், அழுதாள், சிரித்தாள், எல்லாம் ஒரே முகத்தில் நடந்தது. இந்தத் தலை ஒரு தரம் நிமிராதா என்று ஏங்கித்தான் அத்தனையையும் எழுதினோம் என்று எழுதியவளுக்கே அப்போதுதான் விளங்கியது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் தொப்பியும் துண்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். நயினார் அந்தக் கைகளைத் தொடப் போய், தொடாமல், பக்கத்திலேயே நின்றார்.

ஓய்ந்ததும் அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேலைக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டாயிற்று, போய்த்தானே ஆக வேண்டும். சிவந்த கையை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு, "அப்பா, கடைசியை மாத்தி எழுதப் போறேன்" என்றாள்.

"மாத்தாதே" என்றார் நயினார். "அது அப்படித்தான் இருந்துது. வேற எழுது."

அவள் தலையை ஆட்டினாள். பஸ் கிளம்பிப் போனது. எஸ்தர் முந்தியில் முடிந்திருந்த காசை அவிழ்த்துக்கொண்டு அல்வாக் கடைக்கு நடந்தார், ஓசூருக்குப் பார்சல் அனுப்ப முடியுமா என்று கேட்க வேண்டியிருந்தது.

நயினார் கடைக்குத் திரும்பி அடுப்பைப் பற்ற வைத்தார். கூட்டம் பசியோடு முண்டியது. முதலில் நின்றவர், தினமும் வருகிற லாரி செட் கணக்குப்பிள்ளை, வழக்கம்போல இலையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். நயினார் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கல் காய்ந்து புகைந்தது, அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மீசையை எடுத்துட்டியளா?" என்றார்.

"அது ஆச்சு அண்ணாச்சி, ரெண்டு வருசம்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் நயினார், அதற்குப் பிறகுதான் கேட்டார், "எத்தனை?"